படத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள்

அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைக் கவுண்டிகளின் (மாவட்டங்களின்) வரலாற்றுச் சங்கங்களுக்கும் பொது நூலக வாரியங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் நூலகர்களுக்கும் வணக்கம்.

கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரியை நம்பி எழுந்த சிற்றூர் ஒன்றில் குடியிருக்கும் தமிழ்ப் பெண் நான். என் கணவர் இங்கே மருத்துவர். நான் உள்ளூர் நூலகத்தில் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர். இந்த மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் வந்து சேரும். தமிழிலும் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இந்த மலைகளின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் நம்மவர்கள் பலர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் தினமும் பார்க்கும் முதியவர்கள்தான், நான் இங்கே சொல்லப்போகும் படங்களில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய கடைசி ஆட்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். பெயர் விசாரிக்காமல் இனி ஒரு படத்தையும் வெளியிடாதீர்கள். ஏற்கெனவே வெளியிட்ட படங்களுக்கும் பெயர் தேட இப்போதே இறங்குங்கள். ஸ்கேன் செய்யும் வேலையை அடுத்த வருஷம்கூடச் செய்துகொள்ளலாம். கேட்கும் வேலை அப்படிக் காத்திருக்காது. 1953இல் கொரியப் போர் ஓய்ந்தபோது 18 வயதாக இருந்தவருக்கு இப்போது 90 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அமெரிக்காவின் உச்ச வீர விருதான மெடல் ஆஃப் ஹானரை இரண்டாம் உலகப் போரில் பெற்றவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஹெர்ஷல் உட்ரோ வில்லியம்ஸ், மேற்கு வர்ஜீனியாவின் குவயட் டெல்லில் பிறந்தவர், 2022 ஜூன் 29 அன்று கண்ணை மூடிவிட்டார். அவருடைய உடலை வாஷிங்டன் கேபிடல் கட்டடத்தில் மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். அவரோடு சேர்ந்து போருக்குப் போன மலைப் பையன்களில் பெரும்பாலோரின் படங்கள் ஷூ பெட்டிகளில் கிடக்கின்றன. பெட்டியைத் திறந்து ‘இது யார்?’ என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஒருவர்தான் மிச்சம்.

ஒரு பொது அரங்கின் சுவரில் சென்ற கோடையில் பார்த்த படத்தைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருந்தார்கள். வீட்டுத் திண்ணைப் படியில் ராணுவ உடுப்போடு ஓர் இளைஞன், பக்கத்தில் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்து நிற்கும் அவன் அம்மா. கீழே தட்டச்சு செய்த சீட்டு: ‘அடையாளம் தெரியாத படைவீரர், இரண்டாம் உலகப் போர்’. படத்தை அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலை மட்டும் பெயர்ந்து நின்றது. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி அதை மெல்லத் தூக்கிப் பார்த்தோம். பின்னால் பென்சில் எழுத்து. முதல் பெயர், ஓர் ஓடையின் பெயர், ‘வீடு வந்த வாரம், 1945’. குடும்பப் பெயர் இருந்த இடத்தைப் பசை தின்றிருந்தது.

முன்பக்கத்தைக் கூர்ந்து பார்த்திருந்தாலே எவ்வளவோ தெரிந்திருக்கும். அவனுடைய வலது சட்டைப் பைக்கு மேலே சிறகு விரித்த கழுகுச் சின்னம் தைத்திருந்தது. அந்தப் போரில் பணி முடித்து நல்ல பெயரோடு விடுவிக்கப்பட்டவர்களுக்குத் தந்த சின்னம் அது. இடது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, நான்கு சின்னப் பட்டைகள். ஒரு பட்டைக்கு ஆறு மாதம் கடல்கடந்த பணி என்று கணக்கு. ஆக இரண்டு வருஷம் அவன் வெளிநாட்டில் இருந்திருக்கிறான். தோளில் அவன் சேர்ந்திருந்த டிவிஷனின் (பெரிய படைப்பிரிவின்) சின்னமும் பாதி தெரிகிறது. இத்தனையும் படத்தில் இருக்க, ‘அடையாளம் தெரியாத’ என்று எழுத எப்படி மனசு வந்தது?

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் படைப்பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. சுமார் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான கோப்புகள் போயின. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் சாம்பல். அவற்றுக்கு நகல் கிடையாது, மைக்ரோஃபிலிமும் எடுத்து வைக்கவில்லை. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் என்று இந்த மலைகளிலிருந்து போன ஆட்களில் பெரும் பங்கினர் அந்த இடைவெளிக்குள்தான் வருகிறார்கள். தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார், எங்கே போரிட்டார் என்று பேத்தி எழுதிக் கேட்டால், ‘கோப்பு தீயில் அழிந்திருக்கலாம்’ என்று பதில் வரும். அப்போது அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் ஆதாரம், கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிந்து வைத்த விடுவிப்புச் சான்று ஏதாவது இருந்தால் அது. அதுவும் இல்லையென்றால் தோளில் சின்னம் தெரியும் ஒரு படம். அந்தப் படத்தைப் பசை போட்டு அட்டையில் ஒட்டிவிட்டோம்.

முதல் உலகப் போர் வீரரான, டென்னசியின் பால் மால் ஊர்க்காரர் அல்வின் யார்க்குக்கு இந்தக் குறை இல்லை. 1918 அக்டோபர் 8 அன்று ஆர்கான் காட்டில் அவரும் உடனிருந்த சில வீரர்களும் 132 ஜெர்மானியர்களைச் சிறைபிடித்தார்கள். சில மாதம் கழித்து, 1919 பிப்ரவரியில், ராணுவப் படப்பிடிப்பாளர்கள் அவரை அதே சரிவுக்குக் கூட்டிப்போய் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நாள், இடம், பெயர் எல்லாம் துல்லியம். அவருக்குக் கிடைத்த அந்தத் துல்லியம் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்த மலைமக்களைப் படம் எடுப்பதில் யாருமே குறை வைக்கவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாகக் கேமராக்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. 1908இல் லூயிஸ் ஹைன் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களுக்குக் குழந்தைத் தொழிலாளர்களைத் தேடி வந்தார். மக்டொனால்டில் உள்ள டர்க்கி நாப் சுரங்கத்தில், கதவைத் திறந்து மூடும் சிறுவன் ஒருவனை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. கூரை தாழ்வு என்பதால் பையன் குனிந்தே நிற்க வேண்டியிருந்தது, சுரங்கத்துக்குள் ஒரு மைலுக்கும் மேலே எடுத்த படம் என்று குறிப்பில் இருக்கிறது. பையனின் பெயர் இல்லை. ஹைன் பல இடங்களில் பெயர்களைக் கவனமாகக் குறித்தவர்தான். சட்டங்கள் மாறுவதற்கு அவர் படங்கள் உதவின, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்தப் பையனுக்குப் பேரன் பேத்திகள் இருந்திருந்தால், தங்கள் தாத்தாவைத்தான் பாடப் புத்தகத்தில் பார்க்கிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

1930களில் ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில் மத்திய அரசின் படப்பிடிப்பாளர்கள் வந்தார்கள். பென் ஷான், வாக்கர் எவன்ஸ், மரியன் போஸ்ட் வோல்காட் ஆகியோர் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்காட்ஸ் ரன் சுரங்கப் பகுதியில் எடுத்தவையும், வோல்காட் 1940இல் கென்டக்கியின் பிரெதிட் கவுண்டியில் எடுத்தவையும் இன்றைக்கும் பார்க்கப் பார்க்கத் திகட்டாதவை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கலாம், பயன்படுத்தலாம். ஆனால் குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனால் ‘சுரங்கத் தொழிலாளியின் மனைவி’, ‘சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள்’ என்று வந்துகொண்டேயிருக்கும். அப்புறம் 1964 ஏப்ரல் 24. குடியரசுத் தலைவர் ஜான்சன் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் ஒரு குடும்பத்தின் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. வறுமை என்றால் அந்தத் திண்ணைதான் என்று ஆகிப்போனது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்த ஒரு படத்தின் நிழலிலேயே வாழ வேண்டியிருந்தது.

தொடர்ந்து பத்திரிகைகள், தொலைக்காட்சிகள், தன்னார்வ இளைஞர்கள் என்று வரிசையாக வந்தார்கள். 1967 செப்டம்பரில் லெச்சர் கவுண்டியின் ஜெரமையாவில், கனடா நாட்டுத் திரைப்பட இயக்குநர் ஹ்யூ ஓ’கானர் வாடகை வீடுகளின் முன்னால் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த நிலத்தின் சொந்தக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். கொலைக்கு நியாயம் கிடையாது. ஆனால் சுட்டவர் பக்கம் ஊரில் அனுதாபம் இருந்தது. தங்கள் முகத்தை எடுத்துக்கொண்டுபோய் வேறெங்கோ வேறு எதற்கோ காட்டுகிறார்கள் என்ற வேதனை அந்த அளவுக்கு முற்றியிருந்தது. ஒரு வீட்டில் போய்ப் பழைய படம் கேட்டால் பெரியவர்கள் ஏன் முதலில் தயங்குகிறார்கள் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

வெளியிலிருந்து வந்தவர்களில் சரியாகச் செய்தவரும் உண்டு. 1946இல் நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அரசுக்கும் சங்கத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி சுரங்க ஊர்களின் சுகாதார நிலையை ஆராயக் கடற்படை அதிகாரி ஜோயல் பூன் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. அதில் ரஸ்ஸல் லீ படப்பிடிப்பாளர். அவருடைய குறிப்புகளைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர், சுரங்கத்தின் பெயர், ஊர், கவுண்டி, மாநிலம், தேதி. பல படங்களில் ஆளின் பெயரும் அவர் செய்த வேலையும். வீட்டைக் காட்டினால் எத்தனை அறை, மாத வாடகை எவ்வளவு, தண்ணீர்க் குழாய் உண்டா என்பதுவரை இருக்கும். ஹார்லன் கவுண்டியிலும் ஃப்ளாய்ட் கவுண்டியிலும் இருக்கும் குடும்பங்கள் இன்றைக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடித் தங்கள் பாட்டியைக் கண்டுபிடிக்க முடிகிறதென்றால் அந்தக் குறிப்புகளின் புண்ணியம். நம் கவுண்டிகளின் படங்களுக்கு நான் கேட்கும் தரம் அதுதான்.

உள்ளூர்ப் படக்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. ‘பிக்சர்மேன்’ என்றே எல்லோரும் அழைத்த வில்லியம் முல்லின்ஸ், 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது வருஷம் கிழக்குக் கென்டக்கியிலும் தென்மேற்கு வர்ஜீனியாவிலும் ஊர் ஊராகப் போய் எடுத்தார். சவ அடக்கம், குடும்ப ஒன்றுகூடல், ராணுவத்துக்குக் கிளம்பும் பையன், புதுக் கார். இவற்றில் இருப்பவர்கள் காசு கொடுத்துத் தாங்களே நின்று எடுத்துக்கொண்டவர்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று அவர்களே முடிவுசெய்தார்கள். தலை வாரி, நல்ல சட்டை போட்டு, நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். அரசுப் படங்களையும் இவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஊர் என்று நம்புவது சிரமம்.

முல்லின்ஸின் நெகட்டிவ்கள் வைட்ஸ்பர்க்கில் உள்ள ஆப்பல்ஷாப் என்ற கலை, ஊடக மையத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ள தொகுப்பு. 2022 ஜூலை 28 அதிகாலையில் கென்டக்கி ஆற்றின் வடகிளை கரைபுரண்டு அந்தக் காப்பகத்துக்குள் புகுந்தது. கிழக்குக் கென்டக்கியில் 40 பேருக்கு மேல் உயிரிழந்த வெள்ளம் அது. ஹிண்ட்மனில் 1902இல் தொடங்கிய செட்டில்மென்ட் பள்ளியின் ஆவணங்களும் ட்ரபிள்சம் ஓடையின் சேற்றில் மூழ்கின. நனைந்த படங்களைப் பிரித்தால் கிழிந்துவிடும் என்பதால் கழுவிக் காயவைத்தும், முடியாதவற்றை உறையவைத்தும் ஊழியர்களும் தன்னார்வலர்களும் காப்பாற்றியது பெரிய வேலை. 2024இல் ஹெலீன் புயலுக்குப் பிறகு மேற்கு வட கரோலினாவில் ஆற்றங்கரைச் சகதியில் குடும்பப் படங்கள் அள்ள அள்ளக் கிடைத்தன. எடுத்துக் கழுவி உரியவர்களைத் தேடியவர்களுக்கு முதல் நம்பிக்கை எது தெரியுமா? பின்பக்கத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்பதுதான்.

இடங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆளின் படத்துக்குப் பெயர் எப்படியோ அப்படி இடத்தின் படத்துக்கு ஓடை. ‘பழைய ஆலை’, ‘தொங்குபாலம்’, ‘ஓரறைப் பள்ளி’ என்று எழுதினால் போதாது. இங்கே யாரும் தெருப்பெயர் சொல்லி வழிகாட்டுவதில்லை. எந்த ஓடை, அதில் இடது கிளையா வலது கிளையா, ஹாலரின் (மலைகளுக்கு நடுவே உள்ள குறுகிய பள்ளத்தாக்கின்) தலைப்பக்கமா வாய்ப்பக்கமா என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எழுதி வையுங்கள். கரி கொட்டும் டிப்பிள் கோபுரத்தைப் பழைய இரும்புக்குப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள், தபால் நிலையத்தை மூடினால் ஊர்ப்பெயரே வரைபடத்திலிருந்து உதிர்ந்துவிடுகிறது. டென்னசியில் 1936இல் கட்டி முடித்த நாரிஸ் அணையின் நீருக்கடியில் லாய்ஸ்டன் ஊர் கிடக்கிறது. மூழ்குவதற்கு முன்னால் 1933இல் டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்துக்காக அதே லூயிஸ் ஹைன் அந்தப் பகுதி வீடுகளையும் மனிதர்களையும் எடுத்து வைத்தார். அந்த ஊர்ச் சந்ததிக்கு இனிக் கால் வைக்க ஊர் இல்லை, படம்தான். வட கரோலினாவில் அணை கட்டியதால் உருவான ஃபான்டானா ஏரிக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்ட கல்லறைகளுக்குத் தேசியப் பூங்காத் துறை இன்றும் குடும்பங்களைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போகிறது. சாலை போட்டுத் தருவதாக 1943இல் கொடுத்த வாக்கு நிறைவேறவேயில்லை. அந்தச் சாலைக்குப் பதிலாக 2010இல் 5.2 கோடி டாலர் இழப்பீடு தருவதாகப் பேசி முடித்தார்கள்.

யாருடைய படங்கள் உங்கள் பெட்டிகளில் இல்லை என்பதையும் பாருங்கள். 1917இலிருந்து யு.எஸ். ஸ்டீலின் துணை நிறுவனம் ஹார்லன் கவுண்டியில் கட்டிய லிஞ்ச் ஊரில் கறுப்பினக் குடும்பங்களும் ஹங்கேரி, இத்தாலி நாடுகளிலிருந்து வந்தவர்களும் பெரும் எண்ணிக்கையில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் போருக்குப் போனார்கள். சுரங்க வேலை குறைந்தபோது பலர் டெட்ராய்ட், கிளீவ்லாந்து என்று போய்விட்டார்கள், படங்களும் கூடவே போய்விட்டன. அவர்கள் கிழக்குக் கென்டக்கி சமூக மன்றம் என்று அமைத்து ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அங்கே போய்க் கேளுங்கள். கவுண்டியில் இன்று குடியிருப்பவர்களின் படங்களை மட்டும் சேர்த்துவிட்டுக் கவுண்டியின் வரலாறு என்று சொல்வது சரியாக இருக்காது.

பெயர் சேர்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். இணையத்தில் போட்டுவிட்டுப் பின்னூட்டத்துக்காகக் காத்திருந்தால் நாற்பது வயதுக்காரர்கள் ‘அருமை’ என்று எழுதுவார்கள். பெயர் தெரிந்தவருக்கு எண்பத்தேழு வயது. அவர் வீட்டு ஹாலருக்குள் இணையம் ஒழுங்காக வருவதில்லை. அதனால் படத்தை அவரிடம் கொண்டுபோக வேண்டும், அதுவும் கைபேசித் திரையில் வேண்டாம், பெரிதாகக் காகிதத்தில் அச்சிட்டு. டெகரேஷன் ஞாயிறுகளில் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து, அங்கேயே சாப்பாடு பரிமாறி, சிதறிப்போன சொந்தங்கள் எல்லாம் ஒன்றுகூடுகிறார்களே, அதைவிட நல்ல இடம் உண்டா? சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டால் போதும். தேவாலயத்தின் ஹோம்கமிங் ஒன்றுகூடல், முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியனின் கூட்டம், முதியோர் மையம் எல்லாம் அப்படித்தான்.

மருத்துவ நண்பர்களுக்குச் சொல்ல வந்தது இதைத்தான். பசையில் ஒட்டிய அந்தப் படையாளின் படத்தைப் பிரதி எடுத்து, அனுமதியோடு டயாலிசிஸ் சிகிச்சை நடக்கும் ஓர் இடத்தின் காத்திருப்பு அறையில் வைத்தோம். நான்கு மணி நேரம் ஊசியோடு உட்கார வேண்டியவர்கள் வருகிற இடம். ஒரு பாட்டி அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பையனை அவருக்குத் தெரியவில்லை. தூணில் மூன்றாவது படிக்கு நேரே வெட்டியிருந்த அடையாளத்தைக் காட்டி, ‘இது எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணை, பிள்ளைகளின் உயரத்தை அதில்தான் வெட்டி வைப்பார்கள்’ என்றார். அங்கிருந்து குடும்பப் பெயர் வந்தது. கல்லறைக் கல்லில் டிவிஷனின் பெயரும் இருந்தது. உங்கள் காத்திருப்பு அறைகளின் சுவரில் இரண்டடி இடம் கொடுங்கள், மற்றதை நூலகம் பார்த்துக்கொள்ளும்.

பெண்களைக் குறிக்கும்போது ‘திருமதி இன்னார்’ என்று கணவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், அவருடைய சொந்தப் பெயரையும் பிறந்த வீட்டுப் பெயரையும் கேளுங்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை, டெவலப் செய்த கடையின் முத்திரை, பாதி அழிந்த கிறுக்கல் உட்பட. எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில், பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது. பசைத்தாள் ஆல்பங்களிலிருந்து படங்களைக் காப்பாற்றுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளாமல், கொண்டுவந்தவர் கண்ணெதிரே ஸ்கேன் செய்து அப்போதே திருப்பிக் கொடுங்கள், கையில் ஒரு நல்ல பிரதியும் கொடுங்கள். எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை அவரே எழுதித் தரட்டும்.

இன்னொன்றையும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு பழைய படங்களைத் தெளிவாக்கி, வண்ணம் பூசி வெளியிடும் பழக்கம் உங்களில் சிலரிடம் தொடங்கியிருக்கிறது. அந்தச் செயலிகள் மங்கலை நீக்குவதில்லை. இல்லாத கண்ணை, இல்லாத பல்வரிசையைத் தாமாக வரைந்து நிரப்புகின்றன. படைவீரரின் தோளில் மங்கலாகத் தெரியும் சின்னத்தை எந்த டிவிஷனுக்கும் சொந்தமில்லாத ஒரு வடிவமாக மாற்றிவிடுகின்றன. கோப்பு எரிந்துபோன குடும்பத்துக்கு அந்தச் சின்னம்தான் சாட்சி என்று மேலே சொன்னேன். தயவுசெய்து சாட்சியைத் திருத்தாதீர்கள். பேரப்பிள்ளைகள் ஆசைக்காக வீட்டில் செய்துகொள்ளட்டும், காப்பகத்தின் பெயரில் அது வெளிவரக் கூடாது.

இதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. பெரிய அச்சுப் பிரதிகள், ஒரு ஒலிப்பதிவுக் கருவி, நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஸ்கேனர். ஆள்தான் வேண்டும். காங்கிரஸ் நூலகத்தில் 2000இலிருந்து நடக்கும் படைவீரர் வரலாற்றுத் திட்டம் நேர்காணல்களையும் அசல் படங்களையும் ஏற்றுக்கொள்கிறது. நம் கவுண்டியில் உயிரோடு இருக்கும் வீரர்களை அதற்காகப் பேட்டி எடுக்கும்போதே பழைய படங்களையும் அவர்கள் முன்னால் பரப்பிவிடலாம்.

மே மாதக் கடைசியிலிருந்து டெகரேஷன் ஞாயிறுகள் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் வரும் வாரியக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எடுத்துப் பேசுங்கள். எந்தெந்தக் கல்லறைத் தோட்டத்தில் எந்த ஞாயிறு என்ற பட்டியலும், உங்களிடம் ‘அடையாளம் தெரியாத’ என்று பதிந்து கிடக்கும் படங்களின் பிரதிகளும் கிடைத்தால், எங்கள் நூலகத் தன்னார்வலர்கள் மேசை போட்டு உட்காரத் தயாராக இருக்கிறார்கள். பக்கத்துக் கவுண்டிகளுக்கும் வருவோம்.

நன்றியுடன்,
ஸ்கேனர் மேசைத் தன்னார்வலர்,
கிழக்குக் கென்டக்கி